சேறு சொன்ன சாட்சி

1900 ஜனவரி 2 அன்று சிகாகோ நகரம் தன் ஆற்றைத் திசைதிருப்பியது. அதுவரை மிச்சிகன் ஏரியில் கலந்துகொண்டிருந்த சிகாகோ ஆறு, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்ட கால்வாய் வழியே பின்னோக்கி ஓடத் தொடங்கியது. காரணம் எளிது: ஏரி நகரின் குடிநீர், ஆறோ நகரின் சாக்கடை. இனி அக்கழிவு டெஸ் பிளேன்ஸ் ஆற்றில் இறங்கி, இல்லினாய் ஆற்றின் வழியே மிசிசிப்பியைச் சேரும். அந்த மிசிசிப்பியின் நீரைத்தான் செயின்ட் லூயிஸ் நகரத்தார் குடித்துக்கொண்டிருந்தனர்.

மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கின் சான்றுகள் இன்றும் வியப்பூட்டுபவை. எளிதில் இனங்காணத்தக்க ஒருவகை நுண்ணுயிரியை 107 பீப்பாய்களில் நிரப்பிக் கால்வாயில் கொட்டி, அது செயின்ட் லூயிஸின் நீரெடுப்புக் கோபுரம்வரை வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சில வந்து சேர்ந்தன. ஆயினும் 1906இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில் வழக்கு தள்ளுபடியாயிற்று. டைபாய்டுக் கிருமி அவ்வளவு தொலைவு உயிரோடு வருகிறது என்பது ஐயமற நிறுவப்படவில்லை. போதாக்குறைக்கு, மிசௌரியின் ஊர்களும் ஆற்றில்தான் கழிவை விட்டுக்கொண்டிருந்தன.

இரு தரப்பாரும் ஓடும் நீரையே விசாரித்தனர் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்று காலை அள்ளிய நீர் இன்று காலையைப் பற்றி மட்டுமே பேசும். நேற்றிரவு வந்துபோன கழிவை அது அறியாது. ஆற்றின் அடியில் குடியிருக்கும் புழுவும் சிப்பியும் அப்படியல்ல. அவற்றால் ஓடிப்போக இயலாது. இருந்தவை இருக்கும், மாளவேண்டியவை மாண்டிருக்கும்.

அவற்றிடம் கேட்கத் தெரிந்தவர் இல்லினாயிலேயே இருந்தார். ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் 1894இலேயே ஹவானா என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரில் (கியூபத் தலைநகரம் அன்று) ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்தார். அதாவது, கால்வாய் திறப்பதற்கு ஆறாண்டுகள் முன்னரே. கேடு வந்தபின் அளப்பவர்கள் உலகில் பலர். வருமுன் அளந்துவைத்தவர்கள் அரியர். அவரோடு சேர்ந்த ராபர்ட் ரிச்சர்ட்சன் ஆற்றுச் சேற்றை அள்ளி, சலித்து, அதிலுள்ள உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். 1913 முதல் 1925 வரையிலான அந்தக் கணக்கு 1928இல் அச்சேறியது.

கணக்கின் சாரம் இதுதான்: கால்வாய்க்கு அண்மையில் அழுக்கைத் தாங்கும் புழுக்கள் மட்டுமே மண்டிக் கிடந்தன, தூய நீரை நாடும் உயிர்கள் மறைந்த எல்லை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பியோரியாவை நோக்கிக் கீழே இறங்கியது. இதன் காரணம் மூச்சில் இருக்கிறது. மேஃபிளை எனப்படும் பூச்சியின் இளம் பருவம் நீருக்குள் கழிகிறது. (சிறகு முளைத்தபின் ஈசல்போல் விளக்கை மொய்க்கும் இதற்கு நம் பேச்சுவழக்கில் தனிப்பெயர் எதையும் நாம் கேட்டதில்லை.) வயிற்றின் இருபுறமும் உள்ள மெல்லிய செவுள்களால் அது மூச்சு விடுகிறது. கழிவை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைத் தின்றுவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. டியூபிஃபெக்ஸ் புழுவுக்கோ நம் குருதியில் இருப்பதுபோன்ற ஹீமோகுளோபின் உண்டு. எஞ்சிய சிறிதளவு வளியையும் அது பற்றிக்கொள்ளும். ஆனால் அப்புழு தூய ஆற்றுச் சேற்றிலும் வாழக்கூடியதே. ஆகவே அதைக் கண்டதும் ஆறு கெட்டது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. எத்தனை இருக்கின்றன, உடன் யார் இல்லை என்பதே கேள்வி.

இதே காலத்தில் பெர்லினில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1908இல் தாவரங்களையும் 1909இல் விலங்குகளையும், கழிவு நீரை அவை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக்கொண்டு வகுத்துப் பட்டியலிட்டனர். பிரிட்டன் இதை மதிப்பெண்ணாக்கியது. 1964இல் டிரென்ட் ஆற்றுக்கான குறியீடு வந்தது. 1976இல் அமைந்த பணிக்குழுவின் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். சேற்றுப்புழுக்களுக்கு 1, மேஃபிளைகளில் மென்மையானவற்றுக்கு 10. ஒரு வலையும் பயின்ற கண்ணும் போதும் என்பது இதன் அழகு. நம் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் யமுனை முதலிய ஆறுகளில் பயன்படுத்திய உயிரியல் அளவுகோலும் இம்முறையைத் தழுவியதே.

மீண்டும் இல்லினாய் ஆறு. சிகாகோ பின்னர் பெரும் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது. ஆயினும் 1950களின் நடுவில், ஆற்றின் நடுப்பகுதியில் விரல்நகம் அளவேயான சின்னஞ்சிறு சிப்பிகள் திரளாக அழிந்துபோயின. சேற்றில் தேங்கிய அம்மோனியாவைப் பிந்தைய ஆய்வுகள் சுட்டின. அச்சிப்பிகளை உண்ண ஆண்டுதோறும் வந்திறங்கிய முக்குளி வாத்துக் கூட்டங்கள் அந்தப் பள்ளத்தாக்கைக் கைவிட்டு வேறு வழியே பறக்கத் தொடங்கின.