ஆர்கான்

ஆர்கான் நிறமும் மணமும் சுவையும் இல்லாத மந்த வாயு. அணு எண் 18. உலர்ந்த காற்றின் கன அளவில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு இதுவே. அதாவது, கார்பன் டை ஆக்சைடைப் போல இருபது மடங்குக்கும் மேல். இவ்வளவு தாராளமாக இருந்தும் 1894 வரை இது தனித் தனிமம் என்பது தெரியவில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தது நைட்ரஜனின் எடை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ 1.251 கிராம்தான். அளவீட்டுப் பிழை என்று எவரும் தள்ளிவிடக்கூடிய இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தின் ராலே பிரபு விடவில்லை. மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். காரணத்தைத் தேடி வேதியியலாளர் வில்லியம் ராம்சே காற்றின் நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மீது பலமுறை செலுத்தினார். நைட்ரஜனை உலோகம் உறிஞ்சிக்கொள்ள, எதனோடும் சேராத ஒரு வாயு எஞ்சியது. காற்றின் நைட்ரஜனைக் கனமாக்கிய ஆர்கான் அதுவே. 1785இலேயே ஹென்றி காவண்டிஷ் இதைச் சிறு குமிழியாகக் கண்டு, மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மிகாது என்று குறித்திருந்தார். 1904இல் ராலே இயற்பியலுக்கும் ராம்சே வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர்.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் ஆர்கான் வேதிவினைகளில் ஈடுபடுவது மிக அரிது. 2000இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கடுங்குளிரில் ஹைட்ரஜனும் ஃபுளூரினும் சேர்ந்த ஆர்கான் சேர்மம் ஒன்றை உருவாக்கினர். சற்றுச் சூடேறினாலே அது சிதைந்துவிடும்.

காற்றிலுள்ள ஆர்கானில் பெரும்பகுதி, பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து உண்டானது. எரிமலைப் பாறைகளின் வயதைக் கணிக்கும் முறை ஒன்றுக்கு இச்சிதைவே அடிப்படை.

திரவக் காற்றைக் காய்ச்சி வடித்து ஆர்கானைப் பெறுகிறார்கள். அதன் கொதிநிலை −185.8° செல்சியஸ், ஆக்சிஜனுடையது −183°. இந்த நெருக்கத்தால் இரண்டையும் பிரிப்பது எளிதன்று.

துருப்பிடிக்காத எஃகையும் அலுமினியத்தையும் பற்றவைக்கும்போது, உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காப்பது இதன் முதன்மைப் பயன். நம் பட்டறைகளில் அந்த வேலைக்கு ‘ஆர்கான் வெல்டிங்’ என்றே பெயர். இழை பல்புகள், இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள், சிலிக்கான் படிக உலைகள் ஆகியவற்றிலும் இதை நிரப்புகிறார்கள்.

ஆர்கான் நஞ்சன்று. ஆனால் காற்றைவிடக் கனமானது என்பதால் குழிகளிலும் மூடிய தொட்டிகளிலும் தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். மணமே இல்லாததால் உள்ளே இறங்குபவருக்கு ஆபத்து தெரியாது. அத்தகைய இடங்களில் காற்றோட்டம் ஏற்படுத்தி, ஆக்சிஜன் அளவைச் சோதித்த பிறகே ஆளை இறக்க வேண்டும்.