லிவர்பூலின் இரண்டு கருவூலங்கள்

ஹெர்மன் மெல்வில் 1839இல், தம் பத்தொன்பதாம் வயதில், கப்பல் தொழிலாளியாக லிவர்பூலில் வந்திறங்கினார். பத்தாண்டுகள் கழித்து அவர் எழுதிய ‘ரெட்பர்ன்’ நாவலில் அந்நகரத்தின் இரு காட்சிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, எகிப்தின் பிரமிடுகளை நினைவூட்டும் பிரம்மாண்டமான கப்பல்துறைகள். மற்றொன்று, சந்து ஒன்றின் நிலவறையில் குழந்தைகளோடு பட்டினியால் மடியும் ஒரு பெண். உலகின் செல்வம் வந்திறங்கும் ஊரில் இவ்விரண்டும் எப்படி ஒருசேர இருக்க முடிந்தது என்ற கேள்வியை நாவல் எழுப்புகிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி அந்நகரத்தின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

லிவர்பூல் துறைமுகத்தை உருவாக்கியது அரசனோ தனி வணிகனோ அல்ல, நகரமன்றமே. மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் ஏற்றமும் இறக்கமும் பத்து மீட்டர் வரை வேறுபடும். அந்த நீரில் கப்பலை நிறுத்திச் சரக்கிறக்குவது பெரும்பாடு. எனவே மதகிட்டு நீரைத் தேக்கி, கப்பல்கள் எந்நேரமும் ஒரே மட்டத்தில் மிதக்கும்படியான ஒரு துறையைப் பொறியாளர் தாமஸ் ஸ்டியர்ஸ் அமைத்தார். 1715இல் அது திறக்கப்பட்டது. வணிகத்துக்கென எழுந்த இவ்வகைத் துறைகளில் உலகிலேயே முதலாவது. அதற்காக நகரமன்றம் தன் நிலங்களை அடகு வைத்தது. சில ஆயிரம் பேரே வாழ்ந்த ஒரு சிற்றூர் தன் சொத்து முழுவதையும் கடலை நம்பிப் பணயம் வைத்தது என்றே சொல்லவேண்டும்.

பணயம் பலித்தது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அடிமை வணிகத்தின் தலைநகராக லிவர்பூல் விளங்கியது. லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அதன் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடத்திக் கொண்டுசென்றன. 1807இல் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டபின் அதன் இடத்தைப் பருத்தி பிடித்தது.

இத்துறை வழியே செல்லும் சரக்குகளின்மீது நகரமன்றம் ‘நகரத் தீர்வை’ வசூலித்து வந்தது. நகர உரிமை பெற்ற லிவர்பூல்காரர்களுக்கு இத்தீர்வை இல்லை, வெளியூரார்தாம் செலுத்தவேண்டும். மான்செஸ்டரின் ஆலைகளுக்குப் போகும் ஒவ்வொரு பருத்திப் பொதியும் லிவர்பூலின் செலவுகளுக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டே நகர்ந்தது. ‘உங்கள் ஊருக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும்?’ என்று மான்செஸ்டர் வணிகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாடாளுமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் துறைமுகத்தை நகரமன்றத்திடமிருந்து பிரித்து, மெர்சி துறைமுக வாரியம் என்ற தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. நகரத் தீர்வைக்கு ஈடாக லிவர்பூலுக்கு 15 லட்சம் பவுண்டு வழங்கப்பட்டது. அதன்பின் துறைமுகத்தின் வருவாய் துறைமுகத்துக்கே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லிவர்பூலின் கட்டணங்கள் அப்போதும் மான்செஸ்டருக்குக் கசந்தன. கடலையே தன் வாசலுக்கு அழைத்துவர, 58 கிலோமீட்டர் நீளக் கப்பல் கால்வாயை வெட்டத் தொடங்கியது. பணி பாதியில் பணமின்றித் தள்ளாடியபோது மான்செஸ்டர் மாநகராட்சியே 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, இயக்குநர் குழுவில் பெரும்பான்மையையும் பெற்றது. 1894இல் கால்வாய் திறக்கப்பட்டது. கடனின் சுமை வரிசெலுத்துவோர் தலையில் இறங்கியது. துறைமுகத்தையும் நகரத்தின் பணப்பையையும் பிரிக்கச் சொன்ன ஊர், தன் முறை வந்தபோது அவ்விரண்டையும் மறுபடி முடிச்சிட்டுக்கொண்டது.

லிவர்பூலில் பிரிவு நீடித்தது. வாரியம் திறமையாக நடந்தது. மைல் கணக்கில் துறைகள் நீண்டன. ஆனால் அவற்றில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அரைநாள் கூலிகள். காலையில் கூட்டமாக நின்று, தேர்ந்தெடுக்கப்பட்டால் வேலை, இல்லையேல் பட்டினி. 1967 வரை இம்முறை முற்றாக ஒழியவில்லை. கப்பல் வராத நாட்களில் அவர்களது பசியும் நோயும் வாரியத்தின் கணக்கில் ஏறுவதில்லை. அவை ஊராரின் ஏழை நிவாரண வரியில் ஏறின.

இருபதாம் நூற்றாண்டில் கொள்கலன்கள் வந்தன. 1970இல் வாரியம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது; 1972இல் நிறுவனமாக மாற்றப்பட்டது. நகரின் தெற்குத் துறைகள் மூடப்பட்டன. புதிய கொள்கலன் முனையமோ வடக்கே சீஃபோர்த்தில், நகர எல்லைக்கு வெளியே அமைந்தது. 1931இல் எட்டரை லட்சமாக இருந்த லிவர்பூலின் மக்கள்தொகை 2001இல் நான்கரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ‘துறைமுகம் செத்தது, நகரம் நொடித்தது’ என்று சொல்வது வழக்கம். அது பிழை. 2010களிலும் ஆண்டுக்கு மூன்று கோடி டன் அளவில் அங்கே சரக்கு கையாளப்பட்டது. துறைமுகம் பிழைத்துக்கொண்டது, அதற்கு நகரம் தேவைப்படவில்லை.

1985இல் லிவர்பூல் நகரமன்றம் மத்திய அரசை எதிர்த்துப் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம் நிறைவேற்றியதையும், பணமின்றித் தன் 31,000 ஊழியர்களுக்கு வேலைநீக்க அறிவிப்புகளை வாடகைக் கார்களில் அனுப்பியதையும் இப்பின்னணியில்தான் வாசிக்கவேண்டும். ஸ்விட்சர்லாந்து வங்கிகளிடம் கடன் வாங்கி நகரம் அவ்வாண்டைக் கடந்தது. 47 உறுப்பினர்கள் தண்டத்தொகைக்கும் பதவி இழப்புக்கும் ஆளாயினர். அவர்களது அரசியல் முறைகளில் குறை காணலாம். ஆனால் அவர்கள் கையில் இருந்த பெட்டி காலியாகத் தொடங்கிய ஆண்டு 1985 அன்று.

சென்னைத் துறைமுகமும் 1905 முதல் பொறுப்புக் கழகத்தின்கீழ், மாநகராட்சியின் கணக்கிலிருந்து தனித்தே வளர்ந்தது. சரக்குப் புகையும் லாரி நெரிசலும் வடசென்னைக்கு வந்ததுபோல வருவாய் வந்ததா என்று கேட்பதற்கு லிவர்பூல் நமக்குக் கற்றுத்தருகிறது. 1715இல் ஓர் ஊர் தன் நிலத்தை அடகு வைத்துக் கட்டிய அந்த முதல் துறையின் சுவர்கள், லிவர்பூலில் 2008இல் திறக்கப்பட்ட பெரும் வணிக வளாகத்தின் அடியில் இன்றும் இருக்கின்றன.