ருக்மணி தேவி

ருக்மணி தேவி (15 ஜனவரி 1923 – 28 ஒக்டோபர் 1978) சிங்கள மேடை, இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றிலும் முதல் வரிசையில் நின்ற இலங்கை நடிகை, பாடகி. துயரப் பாத்திரங்களுக்காகப் பேசப்பட்டவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலோடு (1904–1986) இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் ருஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் பழக்கத்தால் பாலே பயின்று, பின் பரதத்துக்கு வந்தவர். கொழும்பின் ருக்மணி முறையாக எந்த நடனமும் பயின்று பெயர் வாங்கியவர் அல்லர். குரலும் முகமுமே இவரது முதல்.

குடும்பமும் சூழலும்

டெய்சி பிறந்தது நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில். குடும்பமோ தமிழ்ப் பின்னணி கொண்ட கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து கரையேறிய இச்சமூகம் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி பகுதிகளில் வேரூன்றியது. பெரும்பாலானோர் கத்தோலிக்கராகவும் அங்கிலிக்கராகவும் ஆயினர். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் இச்சமூகத்தவரே. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் சிங்களம் என்று மூன்று மொழிகளும் கலந்து புழங்கிய வட்டாரம் அது. இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு பெண் சிங்களத்தை அட்சர சுத்தமாகப் பாடியதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பு வெளியாருக்குத்தான்.

சிறுமிப் பருவத்திலேயே குடும்பம் கொழும்புக்கு வந்தது. வெள்ளவத்தை சென் கிளெயர்ஸ் பள்ளியில் டெய்சி படித்தார். ஏழு வயதில் நத்தார் நாடகமொன்றில் மேடை ஏறினார்.

அவருக்கு முந்திய மேடை

ருக்மணியின் நடிப்பைப் புரிந்துகொள்ள, அவர் எந்த மேடையின் வாரிசு என்று பார்க்க வேண்டும். சிலாபம் முதல் கொழும்பு வரையான கரையோரத்துக் கத்தோலிக்கரிடையே தமிழ் நாட்டுக்கூத்து ஆழமாகப் பரவியிருந்தது. சிங்கள ‘நாடகம’ அதிலிருந்தே கிளைத்தது. அதன் முதல் ஆசிரியராகப் பிலிப்பு சிங்ஞோ என்ற கொல்லரைச் சொல்வார்கள். விடிய விடிய நடக்கும் ஆட்டம், மத்தளம், கர்நாடக இசையின் சாயலுள்ள பாட்டு என எல்லாம் கூத்தின் வழி வந்தவை.

1877இல் பம்பாய் எல்பின்ஸ்டன் பார்சி நாடகக் குழு கொழும்புக்கு வந்ததும் நிலைமை மாறியது. தீட்டிய திரை, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு, சில மணி நேரத்தில் முடியும் கதை ஆகியவற்றைக் கண்ட நகரத்தார் மயங்கினர். அதே ஆண்டில் சி. டொன் பஸ்தியன் தம் ‘ரொலினா’ நாடகத்தோடு ‘நூர்த்தி’ மரபைத் தொடங்கிவைத்தார். ஜோன் டி சில்வா (1857–1922) அதை வளர்த்தார். அவரது நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி அழைத்துவரப்பட்டார். 1911 டிசம்பரில் மருதானையில் டவர் ஹோல் திறக்கப்பட்டது. ஆண்களே பெண் வேடம் கட்டிய காலம் கழிந்து, அனி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் பாடி நடித்துப் புகழ் பெற்ற அரங்கு இது. 1930களில் பேசும் படம் வந்து இந்த மேடையைச் சாய்த்தது. டவர் ஹோலிலேயே படம் ஓட்டினார்கள்.

அந்தச் சரிவின் நடுவில்தான் பன்னிரண்டு வயதுச் சிறுமி டெய்சி, டிக் டயஸ் மேடையேற்றிய ‘ராமாயணய’வில் சீதையாக வந்து நின்றார். ருக்மணி தேவி என்ற பெயரும் மேடை தந்ததே. நூர்த்தி நடிப்பில் வசனம் துயரத்தின் விளிம்புவரை கொண்டுபோய்விடும், அதற்கப்பால் பாட்டுத்தான். அழுகையைச் சுருதி பிசகாமல் அழ வேண்டும். ருக்மணி கடைசிவரை கைவிடாத பாடம் இது.

இசைத்தட்டு

1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய ‘சிரி புத்தகயா விகாரே’ இசைத்தட்டாக வந்து வீடு வீடாக ஒலித்தது. கிறிஸ்தவப் பெண் பாடிய பௌத்த பக்திப் பாடல். அன்றைய ரசிகர்கள் அதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பாட முடியும். மேடையில் கால் மணி நேரம் இழுக்கும் உருக்கத்தை அதற்குள் அடக்கியாக வேண்டும். ஆலாபனையைக் குறைத்து, சொல்லைத் தெளிவாக உச்சரித்து, அடியின் கடைசி எழுத்தில் மட்டும் குரலை லேசாக நடுங்கவிடும் அவரது பாணி இந்தக் கட்டுப்பாட்டில் உருவானது என்றே கொள்ள வேண்டும். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த மொஹிதீன் பேக்குடன் அவர் பின்னாளில் பாடிய சோடிப் பாடல்களிலும் இதே பாணியைக் கேட்கலாம்.

மதுரையில் பிறந்த சிங்களப் படம்

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் ருக்மணி சேர்ந்தார். ஜயமான்னவின் தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவைப் பெற்றோரின் எதிர்ப்பை மீறி மணந்தார். அக்குழுவின் ‘கடவுனு பொறொந்துவ’ (உடைந்த வாக்குறுதி) ஊர் ஊராக மேடையேறிய நாடகம். அதைப் படமாக்க முன்வந்தவர் தமிழரான எஸ். எம். நாயகம். படப்பிடிப்பு நடந்த இடம் அவரது மதுரை சித்ரகலா மூவிடோன். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். 1947 ஜனவரி 21இல் வெளியான இதுவே முதல் சிங்களப் பேசும் படம். ருக்மணி கதாநாயகி ரஞ்சனி. எடி வேலைக்காரன் ஜோசி பாபா.

மேடை நாடகத்தை அப்படியே கமராவின் முன் கொண்டுபோய் நிறுத்திய படம். நடிகர்கள் வரிசையாக நின்று பேசுவார்கள்; மெட்டுகள் இந்திப் படங்களிலிருந்து வந்தவை. ஆனால் தன் மொழியைத் திரையில் முதன்முறையாகக் கேட்ட மக்களுக்கு இதெல்லாம் குறையாகப் படவில்லை. அடுத்து வந்த ‘அசோகமாலா’வும் கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டது. சிங்களத் திரையின் முதல் பத்தாண்டில் கலையகம், தொழில்நுட்பம், இசை, முதலீடு எல்லாவற்றிலும் தமிழர் கை இருந்தது. அதன் முகமாகவும் குரலாகவும் இருந்தவர் ருக்மணி. ‘கபட்டி ஆரக்ஷகயா’ (1948), ‘ஹதிசி வினிஸ்சய’ (1950), ‘சங்கவுனு பிலிதுர’ (1951) என்று ஜயமான்ன படங்கள் தொடர்ந்தன. வஞ்சிக்கப்பட்ட காதலி, கைவிடப்பட்ட மனைவி, பிள்ளையைப் பிரிந்த தாய் எனப் பாத்திரங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ரசிகர்களும் அவரிடம் அதையே எதிர்பார்த்தார்கள்.

1956க்குப் பின்

1956 ஜூனில் சிங்களத்தை மட்டுமே அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியபோது, அந்த மொழியின் மிகப் பெரிய திரைப் பெயர் ராசம்மா என்று பெயரிடப்பட்ட ஒரு பெண்ணுடையது. இதைச் சொல்லாமல் அவரது வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அவரது சரிவுக்குக் காரணம் அரசியல் அல்ல, ரசனை மாற்றம். அதே ஆண்டு நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைக்கு வந்தது. அதன்பின் ஜயமான்ன பாணி மிகையுணர்ச்சி என்று ஒதுக்கப்பட்டது. படங்களைப் பொறுத்தவரை அது சரியான விமர்சனமே. ஆனால் ‘மனமே’யும் நாடகம மரபிலிருந்து எழுந்தது, அங்கும் துயரம் பாட்டாகத்தான் வருகிறது என்பதைப் பலர் யோசிக்கவில்லை. ருக்மணியிடம் குறையாகத் தெரிந்தது அங்கே மரபாகத் தெரிந்தது.

அதன்பின் தாய் வேடங்கள், துணைப் பாத்திரங்கள், இசைக் கச்சேரிகள். பீரிஸின் ‘அஹஸின் பொலவட்ட’ (1978) அவரது இறுதிக்காலப் படங்களுள் ஒன்று. தம்மை ஓரங்கட்டிய புதிய அலையின் இயக்குநரிடம் கடைசியில் அவரும் நடித்தார்.

மரணம்

1978 ஒக்டோபர் 28 அன்று, மாத்தறையில் இசை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு திரும்புகையில் ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் ருக்மணி உயிரிழந்தார். வயது 55. உடல் நீர்கொழும்பில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

நடிகையாக அவரைப் பார்ப்பது இனி எளிதல்ல. அந்தக் காலப் படச்சுருள்கள் பல அழிந்துவிட்டன. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் சேர்ந்தே சாம்பலாயின. எஞ்சிய காட்சிகளை இன்றைய கண்ணால் பார்த்தால் அவரது முகபாவம் மேடைக்கு உரிய அளவில் பெரிதாகவே இருக்கிறது. குரல் அப்படி இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய தட்டின் கரகரப்பையும் மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. நடிகையைவிடப் பாடகியே நிலைத்தார்.