18-க்கு 17

குர்லாவில் சோனோகிராபி கிளினிக் வாசலில் மராத்தியில் ஒரு போர்டு இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்று. அந்தப் போர்டுக்குப் பின்னால் ஒரு சட்டம், சட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு. கணக்கு 300 வருஷப் பழசு. பி.காமில் புள்ளியியல் என்றாலே ஓடியவர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-)

ஜான் ஆர்பத்நாட் இங்கிலாந்தின் ஆன் ராணிக்கு வைத்தியர். 1629 முதல் 1710 வரை லண்டனின் ஞானஸ்நானக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 82 வருஷமும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வருஷமும் ஒரு காசு சுண்டுவது மாதிரி. 82 தடவையும் தலையே விழுமா? 48 எழுதி 23 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆகவே 'சரிபாதி' தள்ளுபடி.

பாடப்புத்தகத்தில் ஒரு மாதிரிக் கருதுகோள் சோதனை என்று பயமுறுத்துவது இதைத்தான். ஒன்றை உண்மை என்று வைத்துக்கொள். அப்படியானால் கையில் இருக்கும் விவரம் வர எவ்வளவு வாய்ப்பு என்று பார். ரொம்பக் குறைவென்றால் வைத்துக்கொண்டதைக் கைவிடு.

ஆர்பத்நாட் அதோடு நிறுத்தவில்லை. தற்செயல் இல்லையென்றால் கடவுள் சித்தம்தான் என்று முடித்துவிட்டார். நிக்கோலஸ் பெர்னூலி ஒத்துக்கொள்ளவில்லை. சரிபாதிக்குப் பதிலாக 18 ஆணுக்கு 17 பெண் என்று வைத்துப் பாருங்கள், லண்டனின் ஏற்ற இறக்கம் தற்செயலுக்குள்ளேயே அடங்கும் என்றார். என் ஓட்டு பெர்னூலிக்கே. ஒரு கருதுகோள் விழுந்ததாலேயே நமக்குப் பிடித்த காரணம் ஜெயித்ததாக ஆகாது.

18-க்கு 17 என்றால் 1000 ஆணுக்கு 944 பெண். 2001 சென்சஸில், ஆறு வயது வரையிலான குழந்தைகளில், தமிழ்நாட்டுக்கு 942. பரவாயில்லை. ஆனால் சேலம் மாவட்டத்துக்கு 851.

இது தற்செயலா? பத்துப் பதினைந்து குழந்தைகள் உள்ள ஒரு தெருவில் என்றால் பேசாமல் விட்டுவிடலாம். லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்னூலி கணக்குப்படி 48,571 பெண்கள் இருக்க வேண்டும். தற்செயலாகக் கூடிக்குறைய இடம் உண்டு. அதற்கான திட்ட விலக்கம் 158. சேலம் விகிதத்தில் இருப்பதோ சுமார் 45,975. குறைவு 2,600, அதாவது 158-ஐப் போல 16 மடங்கு. இரண்டு மடங்கு தாண்டினாலே புள்ளியியல்காரர்கள் புருவம் உயர்த்துவார்கள். (பச்சிளம் வயதில் இயற்கையாக இறப்பதில் ஆண் பிள்ளைகளே அதிகம். அதையும் சேர்த்தால் சேலத்தின் கணக்கு இன்னும் மோசம்.)

காசு கோணல் என்று சோதனை சொல்லும். யார் கோணலாக்கினார்கள் என்று சொல்லாது. அதற்கு வீடு வீடாகப் போக வேண்டும். சேலத்தில் அந்தப் பதில் தெரிந்துதான் இருந்தது: சிசுக்கொலையைத் தடுக்க 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கே தொடங்கியிருந்தது. பம்பாயில் ஆயுதம் வேறு. பனிக்குட நீரை எடுத்து ஆணா பெண்ணா பார்க்கும் சோதனைக்கு 1980-களில் வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள், பின்னால் வரும் வரதட்சணையை இப்போதே மிச்சம் பிடியுங்கள் என்ற ரீதியில். பெண்கள் இயக்கங்கள் போராடி, 1988-ல் நாட்டிலேயே முதலாவதாக மகாராஷ்டிரம் தடைச் சட்டம் போட்டது. மத்தியச் சட்டம் 1994-ல்தான் வந்தது.

2011 சென்சஸில் சேலம் 900-ஐத் தாண்டியது. முதலில் சட்டம் போட்ட மகாராஷ்டிரமோ 2001-ல் இருந்த 913-லிருந்து 894-க்கு இறங்கியிருந்தது.