வேப்பங்கொட்டைக்கு வந்த வழக்கு

புரட்டாசி மழை விழுந்ததும் ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் அவரையும் தளிர்க்கும். கூடவே அசுவினிப் பேனும் வந்துவிடும். அப்பத்தாவின் மருந்து ஒன்றுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து சாயங்காலம் தெளிக்கணும்.

இதில் என்ன வரலாறு என்கிறீர்களா? இருக்கிறது!

1962-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, டெல்லி வேளாண் விஞ்ஞானி பிரதான் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார். வெட்டுக்கிளிகள் அந்தப் பயிரைத் தின்னவில்லை. அது டி.டி.டி. காலம், அதனால் வேம்பைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு 1994-ல், வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடினார்கள். 'எங்கள் ஊரில் காலங்காலமாகச் செய்கிறோம்' என்பது மட்டும் போதவில்லை. மகாராஷ்டிரத்தில் 1985, 86-ல் நடந்த வயல் சோதனைகள் சாட்சிக்கு வந்தன. 2000-ல் காப்புரிமை ரத்தானது. 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடி.

அப்பத்தா எதையும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் கைப்பிடிக் கணக்குதான். அதான் தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த 50 கிராமை முதலிலேயே எழுதிவிட்டேன்.