யுவான் சுவாங் குறிப்பும் தொண்டைநாட்டுச் சமய வரலாறும்

பட்டு நெசவாற் பெயர்பெற்ற ஆரணி, பண்டைத் தொண்டைநாட்டினுள் அடங்கியது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அந்நாட்டின் சமயநிலை யாது என ஆராய்வார்க்குச் சீனத் துறவி யுவான் சுவாங்கின் பயணநூல் இன்றியமையாச் சான்றாகும். அதனை 1857-58இல் சூலியன் பிரெஞ்சிலும், 1884இல் பீல் ஆங்கிலத்திலும் பெயர்த்தனர். 1904-05இல் வெளிவந்த வாட்டர்சின் ஆய்வு அதன் பொருளை மேலும் விளக்கிற்று.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் பௌத்தப் பள்ளிகள் நூற்றளவின. துறவியர் 10,000 பேர். தேவர் கோயில்கள் ஏறத்தாழ 80. நிர்க்கந்தர் பலர் என்பது அந்நூற் செய்தி.

இத்தொகைகளை அவ்வாறே கொள்ளலாமோ? முழுத்தொகைகளாதலின், எண்ணிக் கண்டவை எனக் கோடல் அரிது. எனினும் செய்தியின் உட்கிடை பொய்யன்று. மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சிப் பௌத்தத் துறவியை எள்ளி நகைக்கின்றது; மணிமேகலை தன் தலைவியைக் காஞ்சியில் அறங்கேட்கச் செய்கின்றது.

நிர்க்கந்தராவார் சமணர். ஆரணியை அடுத்த பூண்டியிலும், போளூரை அடுத்த திருமலையிலும் சமணக் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. அவை யுவான் சுவாங் காலத்துக்குப் பிற்பட்டனவேனும், இப்பகுதியிற் சமணம் ஆழ வேரூன்றியமையைக் காட்டும். பௌத்தமோ அங்ஙனம் தொடர்ந்திலது.

ஆதலின், பௌத்தப் பள்ளிகளின் எச்சம் அருகியிருத்தல் ஒன்றே கொண்டு சீனர் கூற்றை மறுத்தல் பொருந்தாது. வழிபடுவார் உள்ள சமயம் தன் கோயிலைப் புதுக்கும். வழிபடுவார் அற்ற சமயத்தின் கல்லும் செங்கல்லும் பிற கட்டடங்களுக்கு உறுப்பாகும். காஞ்சித் துறவியரைப் பெருவழி சார்ந்த தேரர் பிரிவினர் என அந்நூல் குறிப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. தேரர் நெறியையும் மகாயானத்தையும் முற்றும் வேறாகப் பகுத்துக் காணும் நம் வழக்கம் அக்காலத்துக்குப் பொருந்துமா என்பது, சீன மூலத்தையும் தமிழ்ச் சான்றுகளையும் ஒருங்கு வைத்தே துணிதற்குரியது.