பூச்சிக்குப் பகை பூச்சி

டிராம்பேயில் வாழும் நேயர்களுக்குப் பூச்சி ஆராய்ச்சி புதியதன்று. இங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1970ஆம் ஆண்டுகளில், தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டைக் கதிர்வீச்சினால் மலடாக்கி, அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த இயலுமா என்று ஆராய்ந்தனர். நஞ்சு தெளிக்காமல் பயிரைக் காக்கும் வழிகளுள் அஃது ஒன்று. அணுவாற்றலை நாடாத, மிகப் பழைய வழியொன்றும் உண்டு. தீங்கு செய்யும் உயிருக்கு இயற்கையில் அமைந்த பகையைத் தேடிக் கொணர்ந்து அதன்மேல் ஏவிவிடுவதே அது. அதன் வரலாறு தென்னாட்டின் வறண்ட நிலங்களோடு பிணைந்தது. தொடங்கியதோ ஒரு வாணிகக் கணக்கில்.

பதினெட்டாம் நூற்றாண்டில் உயர்ந்த சிவப்புச் சாயம் ஒருவகைக் கள்ளிப்பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்வாணிகம் ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் அப்பூச்சியை இந்தியாவிலேயே வளர்க்க விரும்பினர். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி, அவர்கள் நாடியதன்று. அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று. அது தந்த சாயம் மட்டமானது. ஆனால் கள்ளியை உறிஞ்சி அழிப்பதில் அதற்கு நிகரில்லை! வட இந்தியாவில் ஒருவகைக் கள்ளிப் புதர்கள் அதனால் மடிந்ததைக் கண்டவர்கள், 1836க்கும் 1838க்கும் இடையே அதைத் தென்னாட்டுக்கு வேண்டுமென்றே கொணர்ந்தனர். ஓர் உயிரைக் கொண்டு களையை ஒழிக்க மனிதன் அறிந்து செய்த முதல் முயற்சி இதுவே என்பர்.

அப்பூச்சி தீண்டாத இன்னொரு சப்பாத்திக்கள்ளி பின்னர் மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்டது. வேலிக்கென்று வைத்தது வேலியைத் தாண்டிற்று. 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு கள்ளிப்பூச்சி வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த முட்காடுகளும் சரிந்தன. ஒரு பகைக்கு உரிய மாற்றானைப் பிழையின்றி இனங்காண வேண்டும், ஏறத்தாழ ஒத்திருப்பது போதாது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டின.

இதற்கிடையே தோட்டப்பயிரிலும் இம்முறை வெற்றி கண்டிருந்தது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிற்பூச்சி அழித்துவந்தபோது, அதன் தாயகமாகிய ஆஸ்திரேலியாவுக்கு 1888இல் ஆல்பர்ட் கோபலே அனுப்பப்பட்டார். அவர் முதலில் அனுப்பிய பொறிவண்டுகள் 129 மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்கள் ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்களை மீட்டன. 1928இல் நீலகிரியில் அதே செதிற்பூச்சி தலைகாட்டியபொழுது, அதே பொறிவண்டே அங்கும் வரவழைக்கப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்கள் வெள்ளை மாவு பூசியவை போல் காணப்பட்டன. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி இது என்று, முனியப்பன் முதலிய பூச்சியியல் அறிஞர்கள் அவ்வாண்டே அறிவித்தனர். அதன் தாயகத்தில் இப்பூச்சி பெருந்தொல்லை தருவதில்லை. அதை அடக்கும் உயிர்கள் அங்கே உடன் வாழ்கின்றன. இங்கோ கேட்பாரில்லை. ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று அது பரவிற்று. கொய்யா, செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி எதையும் அது விடவில்லை. பின்னர் மகாராஷ்டிரத்திலும் புகுந்தது.

உழவர்கள் மருந்து தெளித்தார்கள். மெழுகு போன்ற வெண்பொடி உடலைப் போர்த்திருந்ததால் நஞ்சு உள்ளே இறங்கவில்லை. நூற்றுக்கணக்கான முட்டைகளோ பஞ்சுப் பையினுள் பத்திரமாக இருந்தன. மாறாக, மாவுப்பூச்சியைத் தின்னவல்ல உள்நாட்டுப் பொறிவண்டுகளே மருந்துக்கு இரையாயின. கனமழை பெய்தால் பூச்சி ஓரளவு கழுவப்படும். வறண்ட மாவட்டங்களில் அந்த உதவியும் அரிது. மல்பெரி பயிரிட்டவர் நிலை எல்லாரினும் இரங்கத்தக்கது. இலையில் நஞ்சு தெளித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு மாளும். தெளிக்காவிடில் இலையே மிஞ்சாது. தோட்டத்தையே வெட்டிச் சாய்த்தவர்களும் உண்டு.

பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளைத் தருவித்தது. அவற்றைத் தனிமைக் கூடத்தில் வைத்து, பிற உயிர்களுக்கு ஊறு செய்யாதா என்று ஆராய்ந்த பின்னரே வெளியிட இசைவு கிடைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி, அவ்வாண்டின் இறுதியிலிருந்து தோட்டங்களில் விடலாயிற்று. மூன்றனுள் சிறந்து விளங்கியது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தக் குளவி, மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். உள்ளிருந்து வளரும் புழு, குஞ்சை உண்டு வெறும் கூடாக்கிவிடும். இதனை ‘ஒட்டுண்ணி’ என்று நூல்கள் குறிக்கின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் நிறைவளிக்கவில்லை. ஒட்டி உண்பது ஓம்புயிரைக் கொல்ல வேண்டுவதில்லை. இதுவோ கொன்றே தீரும்.

2011ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலான தோட்டங்களில் பூச்சி அடங்கிற்று. பப்பாளியும் மல்பெரியும் மீண்டும் நடப்பட்டன. மாவுப்பூச்சி அறவே ஒழிந்ததா என்றால் இல்லை. குளவிக்கு உணவாகும் அளவுக்கு அஃது எஞ்சி நிற்கும். குளவியும் அதனால் நிலைத்திருக்கும். இடையில் எவரேனும் கடும் மருந்து தெளித்தால் முதலில் மடிவது குளவிதான்.

டிராம்பேயிலோ செம்பூரிலோ நம்மவர் மாடத்துத் தொட்டியில் வளர்க்கும் செம்பருத்தியிலும் வெள்ளை மாவு படியக்கூடும். மருந்துக் குப்பியை எடுக்குமுன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மாவுக்கிடையே உலர்ந்து பழுத்த நிறமடைந்த சிறு கூடுகளும், அவற்றில் ஊசி முனையளவு துளைகளும் தென்பட்டால், குளவி ஏற்கெனவே வந்துவிட்டது என்று அறியலாம். அந்தக் கிளையை அப்படியே விட்டுவைத்து, மற்றக் கிளைகளில் உள்ளதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும்.